விலை கேட்டுவிட்டுப் போனவர்கள்

என் தங்கை புருஷனின் இருபத்திரண்டு வருஷ நல்ல பெயருக்கு எங்கள் இயக்குநர் போட்ட விலை மூன்று மாதச் சம்பளம். அதுவும் பிடித்தம் போக.

நான் பாத்திரக் கடைக்காரன் மகன். மொத்த வியாபாரத் தெருவில், பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் வளர்ந்தவன். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சரக்கைக் கையில் எடுப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு நெளிவாவது கண்டுபிடித்த பிறகுதான் விலையைக் குறைப்பார்கள். அதில் சரக்குக்கு ஒரு மரியாதை உண்டு. இயக்குநர் சரக்கை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மேஜை மேல் ஒரு தாளைத் தள்ளினார். "என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம், நன்னடத்தைக் கடிதம், சத்தமில்லாமல் வாசல். போடாவிட்டால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. அதற்கப்புறம் சம்பளமும் கிடையாது, கடிதமும் கிடையாது.

மாப்பிள்ளை தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் காது சுட்டது.

அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் காவலாளி கூப்பிட, காவலாளியைக் கேட்டுக் கணக்குப் பிரிவு கூப்பிட, ஒருமுறை இயக்குநரே "மாப்பிள்ளை, அந்த ரிப்போர்ட்" என்று ஆரம்பித்துவிட்டு இருமினார். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பெரிய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர். அதை நிர்வாகம் பண்ணுவது நான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் தங்கையோடு குடித்தனம் பண்ணுகிறவருக்கு அதற்கு வாய்ப்பும் இல்லை.

எங்களுடையது ஓய்வூதிய நிதியம். தரைத்தளத்தில் ஒரு குளிர் அறை. அதற்குள் இரண்டு பீரோவைச் சேர்த்து நிறுத்திய அளவுக்கு ஒரு மெயின்ஃப்ரேம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இயந்திரம். உள்ளே நூற்றுப் பதினான்கு இயந்திரங்கள் குடியிருக்கின்றன. எதையும் கையால் தொட முடியாது, எல்லாம் மெய்நிகர் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் வீடு முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற நினைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். நடுச்சுவர் எவ்வளவு மெல்லிசு என்பது வாடகைக்கு விட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். பெயர் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பட்டியலை எடுத்தேன். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரவு வைக்கும் இயந்திரம் அண்டா. கடிதம் அச்சடிப்பது தவலை. சோதனை போட்டுப் பார்க்க வைத்திருக்கும் சின்னது சொம்பு.

இவற்றுக்கெல்லாம் மேலே சிறப்பு அதிகாரம் கொண்ட ஒரு பயனர் பெயர் உண்டு. மற்றவர்கள் தங்கள் இயந்திரத்தை மட்டும் தொடலாம். இந்தப் பெயரில் நுழைந்தவர் எந்த இயந்திரத்தையும் எழுப்பலாம், நிறுத்தலாம், "ஃபோர்ஸ்" என்று ஒரு வார்த்தை அடித்து, பிடரியைப் பிடித்து வெளியே தள்ளலாம். "நிஜமாகவா?" என்று ஒரு கேள்விகூட வராது. ஆவணத்தில் அதன் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நானும் மாப்பிள்ளையும் அதைக் கல்லா என்போம். கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒருவர்தான் உட்கார முடியும், இங்கேயும் அப்படியே. ஆனால் ஒன்று. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருவர் வேறு திரையில் அதே பெயரை அடித்து, கூடவே "ஹியர்" என்று சேர்த்து, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் போதும். முதல் ஆளின் திரை வெறுமையாகிவிடும். அவர் பாதியில் விட்ட வேலையோடு நாற்காலி இரண்டாம் ஆளுக்குக் கைமாறிவிடும். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே பெயர்தான் விழும்: கல்லா.

இது சரியில்லை, ஒவ்வொருவரும் தன் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்துத்தான் கல்லாவில் உட்கார வேண்டும், உட்கார்ந்தது யார் என்று பதிவாக வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தேன். அதற்கான வசதி அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது, கால் காசு செலவில்லை. இயக்குநர் ஓரத்தில் பச்சை மையால் எழுதித் திருப்பி அனுப்பினார்: "தேவையில்லை. இது நம்பிக்கையின் அடிப்படையில் இயங்கும் அலுவலகம்." அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். பச்சை மை சீக்கிரம் மங்காது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்தேழுக்குக் கல்லாவில் இருந்த யாரோ அண்டாவை ஃபோர்ஸ் பண்ணினார்கள். அந்த நேரத்தில் அண்டா இருபத்தாறாயிரம் பேருக்கு வரவு வைத்து முடித்து அடுத்த ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி ஓட்டத்தில் பிடித்துத் தள்ளியதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பழைய பிரதியை எடுத்துப் போட்டு, முதலிலிருந்து ஓட்டி, வங்கிகளுக்கு அனுப்பி முடிக்க நான்கு நாள் ஆகும் என்று ஆனது.

நான் அப்போது பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்திருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. பையில் கைப்பேசி பன்னிரண்டு முறை நடுங்கியது. பாதி வாய் மரத்துப்போய், எச்சில் ஒழுக அலுவலகம் வந்து சேர்ந்தபோது, முன்கூடத்தில் ஓய்வூதியக்காரர்கள் கவுன்டரிலிருந்து வாசல் வரைக்கும் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் மருந்துச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, "இதைப் பாத்து சொல்லும்மா, இதுல எந்த மாத்திரையை நாலு நாளைக்கு நிறுத்தலாம்?" என்று கவுன்டர்ப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசனை கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளை குளிர் அறையில் அண்டாவின் பழைய பிரதியை ஏற்றிக்கொண்டிருந்தார். அருகில் போய், "என்ன மாப்பிள்ளை, கை தவறிடுச்சா?" என்று கேட்டேன். மரத்த வாயில் அது எப்படி ஒலித்ததோ. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"விடுங்க மச்சான்" என்றார்.

சரி, ஒப்புக்கொள்ளச் சங்கடப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமைதான் மூன்று மாதச் சம்பளமும் அச்சடித்த தாளும். அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கூடத்தில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, அவள் தேய்த்துத் தேய்த்துப் போட்டதை மடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு மாசமா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கேட்டான் அந்த ஆளு?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். முதல்ல சொன்ன விலைக்கே தலையாட்டிட்டு வந்து நிக்கறாரு உங்க மாப்பிள்ளை. இவரை ஒரே ஒரு நாள் அப்பா கடையில நிக்க வச்சிருந்தா, கடையையும் ஓசியில குடுத்துட்டு, தூக்கிட்டுப் போக வண்டியும் புடிச்சுக் குடுத்திருப்பாரு."

"தலையாட்டலை" என்றார் மாப்பிள்ளை. "யோசிக்கறேன்னுதான் சொன்னேன்."

"யோசிக்க என்ன இருக்கு? நீங்க பண்ணினீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை!"

அவர் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தார். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"விடும்மா, கை தவறறது யாருக்கும் நடக்கும்" என்றேன். "நானே ஒரு தடவை தவலையை..."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அது என் பக்கம் பார்த்து ஆவி விட்டது.

"அண்ணா, நீ வாயை மூடு. நீ செஞ்ச காரியத்துக்கு இவரு பழி ஏத்துக்கிட்டு நிக்கறாரு. நீ வந்து எனக்கு சமாதானம் சொல்றியா?"

"நான் செஞ்சதா? என்ன செஞ்சேன்?"

"ஐயோ, ஒண்ணும் தெரியாது பாரு! சொல்லுங்க. என்கிட்ட சொன்னதை அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினொன்னு இருபத்தி நாலுக்கு என் திரை போச்சு மச்சான். கல்லாவை எடுத்துட்டாங்க. வேற யாரு எடுப்பா? நீங்க வழக்கம்போல வெளியிலேர்ந்து எடுத்திருக்கீங்கன்னு நெனச்சு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா அண்டா இல்ல."

இதை விளக்கியாக வேண்டும். நாங்கள் இருவரும் பதினோரு வருஷமாகக் கல்லாவை ஒருவரிடமிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொள்வோம். எனக்கு அவசரம் என்றால் "ஹியர்" அடித்து எடுத்துக்கொள்வேன். அவர் திரை போனதும், "மச்சான் எடுத்துட்டார்" என்று எழுந்து டீக்குப் போவார். என் திரை போனால் நான் டீக்குப் போவேன். கேட்பதில்லை, சொல்வதில்லை. விதிப்படி தப்பு. தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும். விதியை எழுதியவனே நான்தான். ஆனால் ஒரே வீட்டு ஆட்களுக்குள் என்ன சம்பிரதாயம் என்று விட்டுவிட்டோம். எங்கள் டீக் கணக்கு முழுக்க இப்படித்தான் ஓடியது. அதனால் அன்றைக்கு முன்பின் தெரியாத கை வந்து கல்லாவைப் பிடுங்கியபோதும் மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன் மாப்பிள்ளை!"

"தெரியும். லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு..."

"வாய்க்குள்ள மெஷினை விட்டுக்கிட்டே அண்டாவைப் புடிச்சு தள்ளினேனா?"

"நீ செய்யற ஆளுதான்" என்றாள் தங்கை. "என் கல்யாணப் பந்தல்லயே லேப்டாப்பும் கையுமா உக்காந்திருந்தவன்தானே."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். "கேட்டா நீங்க ஒண்ணு ஒத்துக்கணும், இல்லேன்னா பொய் சொல்லணும். நேத்து வந்து 'கை தவறிடுச்சா'ன்னு என்கிட்டயே கேட்டீங்க. சரி, மச்சான் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, இதுக்கு மேல சொல்ல வைக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

எனக்கு அன்று வந்த கோபத்தைப் பங்கு போட்டால் மூன்று தெருவுக்குப் போதும். என்னைப் போய் இப்படி நினைத்தாரே என்று முதல் பங்கு. இப்படி நினைத்துக்கொண்டும் எனக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போடத் துணிந்தாரே என்று இரண்டாவது. அதைவிடப் பெரிதாக, நானும் அவரை அப்படித்தானே நினைத்தேன் என்று ஒன்று. ஆனால் மிச்சமிருந்த பெரும்பங்கு வேறொருவருக்குப் போக வேண்டியது. கல்லாவின் கடவுச்சொல் மூன்றே மூன்று இடத்தில் இருந்தது. என் தலைக்குள் ஒன்று, அவர் தலைக்குள் ஒன்று. மூன்றாவது, ஆபத்துக் காலத்துக்கென்று நான் எழுதி, ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு இயக்குநரின் பெட்டகத்தில் வைத்த உறைக்குள்.

"அந்தத் தாளை எடுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கையெழுத்து இன்னும் விழவில்லை. தங்கை அதை வாங்கி இஸ்திரிப் பலகையில் போட்டு, எதற்கோ, ஒரு தேய்ப்புத் தேய்த்து என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கு இதை இப்படியே வெறுமையா திருப்பிக் குடுக்கணும். ரெண்டு பேருக்கும் சொல்றேன்."

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே குளிர் அறைக்குப் போய்விட்டோம். முதலில் கல்லாவின் திரைப் பதிவைத் தேடினேன். அதில் அடித்த ஒவ்வொரு வரியும் அதில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு முந்தையது எதுவும் இல்லை. துடைத்திருந்தது. சிறப்பு அதிகாரம் இருந்தால் சொந்தத் தடத்தையும் அழிக்கலாம். இயக்குநர் கையில் வைத்திருந்த ஒரே சாட்சி, "கல்லா அண்டாவைத் தள்ளியது" என்று அச்சாகி வந்த ஒற்றை வரிதான். கல்லாவில் உட்காரும் ஆபரேட்டர் யார்? மாப்பிள்ளை. தீர்ந்தது கதை.

"அவ்வளவுதான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"இருங்க. கணக்குப்பிள்ளையைக் கேப்போம்."

கணக்குப்பிள்ளை என்பது நூற்றுப் பதினான்கில் ஒன்று. எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு தின்றது என்று மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். பிரிவுகளுக்கு அதைவைத்துக் கட்டணம் போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. வீண் செலவு, அணைத்துவிடு என்று மூன்று முறை சுற்றறிக்கை வந்தது. நான் அணைக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் அப்பாவின் ஒரு கோணல் பழக்கம். மற்றக் கடைக்காரர்கள் வாங்கியவர்களை எழுதுவார்கள். அவர் தனி நோட்டுப் போட்டு, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களை எழுதுவார். யார், எந்தச் சரக்கு, என்ன விலைக்குக் கேட்டார், எத்தனை மணிக்கு. வாங்கினவன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், அவனிடம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பார். அந்தக் கிறுக்கு எனக்கும் தொற்றிக்கொண்டது. கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து வெளியிலேயே நின்றவர்களை, எந்தத் திரையிலிருந்து வந்தார்கள் என்பதோடு எழுதி வை என்று முதல் நாளே கணக்குப்பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கட்டைப் பிரித்தோம். பதினொன்று இருபத்தொன்று, கல்லா, கடவுச்சொல் தவறு. பதினொன்று இருபத்திரண்டு, கல்லா, கடவுச்சொல் தவறு. பதினொன்று இருபத்து மூன்று, மறுபடியும். மூன்றும் ஒரே திரை. அந்தத் திரையின் எண்ணைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் மாப்பிள்ளைதான் தேடினார். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மூணாவது மாடி, கூட்ட அறை."

கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, குருட்டாம்போக்கில்தான் அடிக்க வேண்டும். பழகாத கைக்கு நாலாவது தடவைதான் வாய்த்திருக்கிறது. வாய்த்ததை யாரும் எழுதவில்லை. வாய்க்காத மூன்றும் இருந்தன.

"இதை எடுத்துட்டுப் போனா, நாம கல்லாவை மாத்தி மாத்தி புடுங்கறதும் வெளிய வரும் மச்சான்" என்றார். "விதியை எழுதினவர் நீங்க. உங்களுக்குத்தான் முதல் அடி."

"வரட்டும். டீ குடிச்சதுக்கு விலை கேக்கறாங்க, குடுத்துட்டுப் போறேன்."

விசாரணையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? மூன்றாவது மாடி, அதே கூட்ட அறையில். நீள மேஜையின் தலைப்பில் மனிதவளப் பிரிவின் அதிகாரி அம்மா, சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடியும் நான்கு பேனாக்களுமாக. வலப்பக்கம் இயக்குநர். அவருக்கு அடுத்து, இந்த மெயின்ஃப்ரேமைத் தூக்கிவிட்டு வேறு வாங்கலாம் என்று ஆறு மாதமாகப் படம் காட்டிக்கொண்டிருக்கும் ஆலோசகர். எதைக் கேட்டாலும் சுவரில் படம் போட்டே பதில் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்லைடு. மூலையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை தேய்த்த தாளை மேஜையில் வைத்தார். வெறுமையாக.

"கையெழுத்து போடலையா?" என்றார் இயக்குநர். "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் தள்ளலை சார்."

"கல்லாதானே தள்ளியிருக்கு? ஐ மீன், அந்த யூசர். அதுல உக்காந்திருந்தது நீங்கதானே?"

"பதினொன்னு இருபத்தி நாலு வரைக்கும் நான்தான். அதுக்கப்புறம் என்கிட்டேர்ந்து எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? அப்ப ஏன் அப்பவே புகார் பண்ணலை?" என்று அதிகாரி அம்மா ஒரு பேனாவைத் திறந்தார்.

மாப்பிள்ளை தாளின் ஓரத்தை விரலால் நீவினார். இங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் எழுந்தேன்.

"நான் எடுத்தேன்னு நெனச்சுட்டார் மேடம். நாங்க ரெண்டு பேரும் பதினோரு வருஷமா அப்படி மாத்தி மாத்தி எடுக்கறோம். விதிப்படி தப்பு. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். இயக்குநரின் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

"அப்ப எடுத்தது நீங்களா?"

"இல்ல மேடம். எனக்கு அப்ப வேர் சிகிச்சை. பில் இருக்கு." பில்லை வைத்தேன். அதன் மேல் கணக்குப்பிள்ளையின் மூன்று வரிகளை வைத்தேன். "மூணு தடவை ஒருத்தர் கடவுச்சொல்லைத் தப்பா அடிச்சிருக்கார். அடிச்ச இடம் அதோ." கையை நீட்டி மூலையைக் காட்டினேன்.

எல்லாத் தலையும் திரும்பியது, ஒன்றைத் தவிர. ஸ்லைடு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ உள்ள நுழைய முயற்சி பண்ணியிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றார் இயக்குநர். "நுழைஞ்சாங்கன்னு இதுல எங்க இருக்கு?"

"இல்ல சார். நுழைஞ்சா இன்னார்னு எழுதற வசதிக்குத்தான் மூணு வருஷம் முன்னாடி கேட்டேன். நம்பிக்கையின் அடிப்படையில இயங்கற அலுவலகம்னு எழுதிக் குடுத்தீங்க." பச்சை மைத் தாளையும் வைத்தேன். "அதனால வேற ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பெட்டகத்துல நான் ஒட்டி வச்ச உறையைக் கொண்டு வந்து மேடத்துக்குக் காட்டுங்க. ஒட்டினபடியே இருந்தா மாப்பிள்ளைக்குப் பதிலா இந்தத் தாள்ல நான் கையெழுத்து போடறேன். மூணு மாசச் சம்பளம்கூட வேண்டாம்."

"அதெல்லாம் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். இப்படி எல்லாம் கொண்டு வந்து..."

"பெட்டகம் பக்கத்து அறையிலதானே இருக்கு?" என்றார் அதிகாரி அம்மா. கண்ணாடி மூக்கிலிருந்து சங்கிலிக்கு இறங்கியிருந்தது. "நானே கூட வரேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. தாங்காமல் போனது ஸ்லைடுக்குத்தான்.

"நான் சொம்பைத்தான் தள்ளப் போனேன்!" என்று கத்தினார். "போர்டு மெம்பர்ஸ் வந்திருந்தாங்க. பழைய சிஸ்டம் எவ்வளவு சுலபமா விழும்னு காட்டச் சொன்னது சார்தான். டெஸ்ட் மெஷின்தானே, ஒண்ணும் ஆகாதுன்னாரு. சார்தானே கவரைக் கிழிச்சு சீட்டைக் குடுத்தீங்க? கடைசியா அடிச்ச வரியைத் திரும்பக் கூப்பிடற பட்டனை அழுத்தினேன். முதல் வார்த்தையை மட்டும் ஃபோர்ஸ்னு மாத்தி எண்டர் தட்டிட்டேன். பின்னாடி இருந்த பேரைப் பாக்கலை."

அந்தக் கடைசி வரி மாப்பிள்ளையுடையது. திரை போவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், அண்டா எத்தனையாவது ஆளில் இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்திருக்கிறார். அவர் அக்கறையாக விசாரித்த வரியிலேயே விசாரிப்பை அழித்துவிட்டுத் தள்ளு என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு பதிவைத் துடைத்திருக்கிறார்கள். பிறகு அந்த மனுஷனையே கூப்பிட்டு, உன் நல்லதுக்குத்தான் என்று தாளை நீட்டியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தினார் என்றால், மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு.

"தள்ளினது தெரிஞ்ச உடனே ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்? அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருந்தா விட்ட இடத்துலேர்ந்தே எடுத்திருப்பேன். நாலு நாள் ஆகியிருக்காது. பதிவைத் துடைக்க நேரம் இருந்துதே, எனக்கு ஒரு போன் பண்ண நேரம் இல்லையா? அன்னிக்கு கீழ ஒருத்தர் எந்த மாத்திரையை நிறுத்தறதுன்னு கேட்டுக்கிட்டு நின்னாரு."

இயக்குநர் அந்த வெற்றுத் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

முடிவு பதினைந்து நாள் கழித்து வந்தது. நியாயம் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கிடைத்தது, சில்லறையாக. மாப்பிள்ளை மேல் குற்றமில்லை. ஆனால் திரை போனதைச் சொல்லாமல் டீக்குப் போனதற்கு ஓர் அறிவுரைக் கடிதம். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஒரு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம். ஸ்லைடின் பில் முழுதாகப் பாஸ் ஆயிற்று. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கான மணிக்கணக்கும் அதில் சேர்த்தி. இயக்குநர் நீண்ட விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது தலைமையகத்தில் வேறு நாற்காலி, வேறு மேஜை, அதே பச்சை மை. என் பழைய விண்ணப்பத்துக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. இப்போது கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் சொந்தப் பெயரோடுதான் உட்கார வேண்டும். என் திரை போனால் யார் எடுத்தார் என்று தெரிகிறது. தெரிந்துகொண்டே டீக்குப் போகிறேன்.

தங்கைக்கு ஆறவில்லை. "மன்னிப்பு கேட்டாங்களா?" என்பதுதான் அவள் அன்றாடம் கேட்கும் ஒரே கேள்வி. மாப்பிள்ளை எதையாவது மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்பாவின் அந்த நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. போன வாரம் எடுத்து, அவர் எழுதும் முறையிலேயே ஒரு பதிவு போட்டேன்.

வந்தவர்: இயக்குநர். கேட்ட சரக்கு: நல்ல பெயர் ஒன்று, இருபத்திரண்டு வருஷத்தது, நெளிவு இல்லாதது. கேட்ட விலை: மூன்று மாதச் சம்பளம், பிடித்தம் போக. நேரம்: புதன், மாலை நான்கு. வாங்கவில்லை. சரக்குக் கடையிலேயே இருக்கிறது. செலவு: ஊதிய உயர்வு ஒன்று, என் பற்றில். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு ஆளுக்கு நான்கு நாள், இன்னும் யார் பற்றிலும் எழுதவில்லை. வரவேண்டிய பாக்கி: மன்னிப்பு ஒன்று.